ஆவரசும் அதன் பயன்களும்

வன்னி, மன்னார், புத்தளம், அம்பாந்தோட்டை முதலிய வரண்ட பகுதிகளிலே பற்றைக்காட்டின் ஓரத்தில் மஞ்சட் பூக்களோடு நிற்கும் ஆவரசை அறியாத கமக்காரர் இலர். ஆவாரை எனவும் இதனை அழைப்பர். சிங்களத்தில் ரணவரா எனப்படும். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இயல்பாகவே உரிய செடி இது. காணி திருத்தும்பொழுது வெறும் பற்றையென்று கருதி இதனை வேரோடு பிடுங்கி எரித்துவிடுகின்றனர். வயலும் தோட்டமும் உடையவர்க்கு இது நட்டமாகும். ஆவரசின் இலை வயலுக்கும், பூ தோட்டத்துக்கும் உதவுவன.

செடி ஏறக்குறைய ஆளுயரம் வளரும். ஒவ்வோர் இலைக்காம்பின் அடியிலும் காதுமடல் போன்ற அகன்ற செதில்கள் இரண்டு இருக்கும். தாவரநூலார் இதற்கிட்ட ‘ஓரிக்குலாட்டா’ என்னும் பெயரும் காதையே குறிப்பது. தகரையிலே இக்காதுமடல் இல்லாமையால் இரண்டையும் எளிதிற் பிரித்தறியலாம்.

இனி, இலையைப் பசளையாக இடும் முறையைக் கூறுவோம். சேற்றுழவு செய்யும் வயலாயின் இலைகளையும் இளங்கொம்புகளையும் வெட்டிப் பரப்பி, விதைப்பதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னரே சேற்றில் மிதித்துத் தாழ்த்தல் வேண்டும். முற்றிய தண்டு விரைவில் உக்காது, அதனை நீக்கிவிடுக. விதைப்புக்கு முதல்நாள் பச்சிலையை இட்டால், அது அழுகும்பொழுது உண்டாகும் வெப்பமும் வாயுக்களும் இளநாற்றைக் கெடுக்கும். புழுதி விதைப்புச் செய்யும் இடங்களிலே இலையைத் தாழ்க்க நீர் இராது. அத்தகைய கமக்காரர் இலையை மாட்டெருவுடன் அடுக்கி, கூட்டெருவாக்கி இடுவதே தக்கது.

பச்சிலையால் எவ்வளவு பயன் கிட்டும் என்பதைக் கணக்கிட்டு அறிதல் நன்று. பச்சிலையின் பெரும்பங்கு நீர். அதிலுள்ள நைதரசன் நூற்றுக்கு ஒரு பங்கிலுங் குறைவு. ஆகவே 1000 கிலோ இலையை இட்டாலும் 10 கிலோ நைதரசன் சேராது. 50 கிலோ யூரியா மூட்டை ஒன்றிலோ 23 கிலோ நைதரசன் உண்டு. இரசாயனப் பசளை இறக்குமதி 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அக்காலத்திலே இலைப்பசளை மட்டுமே போதும் என நம்பியோர் இக்கணக்கைப் பார்த்திருந்தால் ஏமாற்றம் அடைந்திரார். ஆவரசிலை மண்ணுக்குச் சேதனப் பொருளைக் கொடுத்து அதன் இளக்கத்தையும் ஈரம் பிடிக்குந் தன்மையையும் பெருக்கும். உவர் மண்ணைத் திருத்தவும் உதவும். யூரியாவின் வேலை முழுவதையும் அது செய்துவிடாது.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. அவரைக் குடும்பத்துச் செடியாதலால், சணலைப்போல ஆவரசும் காற்றிலுள்ள நைதரசனை வேரில் ஈட்டும் எனப் பலர் கருதுவர். இதன் வேரில் அதற்குரிய முடிச்சுக்கள் உண்டாவதில்லை. இலையிலுள்ள சத்து யாவும் செடி நின்ற மண்ணிலிருந்தே வந்தது. ஆதலின் ஒரே வேலியை ஆண்டுதோறும் மொட்டையாக வெட்டினால் அவ்விடத்து மண் மெலியும்.

பூவின் பயனைப் பலர் கவனிப்பதில்லை. ஆவரசம்பூவிலே தேன் இல்லை, மகரந்தமே உண்டு. அம்மகரந்தமும் கூட்டின் நுனியிலுள்ள சிறு துவாரத்தினூடாகவே வெளிவரும். உலர்ந்த மரத்தைத் துளைத்து வாழும் பெரிய கரிய வண்டு பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச்செய்து இரையும். அவ்வதிர்வினால் மகரந்தம் உதிரும். கத்தரிப்பூவின் மகரந்தக்கூடும் இவ்வகையினதே. தக்காளியும் அதிர்வினால் நன்கு காய்பிடிக்கும். தேன்கூட்டுத் தேனீ இவ்வாறு அதிரச்செய்ய அறியாது. கத்தரி தன் மகரந்தத்தாலேயே ஓரளவு காய்க்குமாயினும், இவ்வண்டு வரும் தோட்டத்தில் காய் மிகுதியாகவும் பருமனாகவும் இருக்கும்.

தோட்டத்திலே கத்தரிப்பூ இல்லாத மாதங்களிலும் இவ்வண்டுக்கு மகரந்தம் வேண்டும். ஆண்டின் பெரும்பகுதியும் பூக்கும் ஆவரசு வேலியில் நின்றால் வண்டு அவ்விடத்தை விட்டுப் போகாது. தேனுக்கு அது எருக்கலையையும் நாடும். ஆகவே எருக்கலையையும் முற்றாக அழித்துவிடாதீர்கள். வேலியின் பழைய உலர்ந்த கதியாற் கட்டைகளில் ஓரிரண்டை விட்டுவைத்தால் வண்டு அவற்றிற் கூடமைக்கும். பீடைநாசினி தெளிப்பது அவசியமாயின், மாலையிலே வண்டுகள் அடங்கிய பின்னர் தெளிக்க.

இக்காரணங்களால் வேலியை ஒரே முறையில் வெட்டாது, ஒரு பாதியை இப்போகத்திலும் மறுபாதியை அடுத்த போகத்திலும் வெட்டுக. ஒதுக்கக் காடுகளில் அனுமதியின்றி வெட்டுதல் குற்றமாகும். உங்கள் காணியில் வளர்ப்பதையே வெட்டுக.

ஏனைய பயன்களுட் சில: உலர்த்திய பூவை அவித்துத் தேநீர்போல அருந்துவர். நீரிழிவுக்கு மருந்துண்போர் வைத்தியரைக் கேட்டே அருந்துதல் வேண்டும். பட்டை தோல் பதனிட உதவும். தென்னிந்தியத் தோற்சாலைகள் முன்னர் இதனையே பெரிதும் நம்பியிருந்தன.

செடி உண்டாக்குவது எளிது. பழுப்பு நிறமாக முற்றிய தட்டையான காய்களைப் பறித்து விதை எடுக்குக. விதைத்தோல் மிகக் கடியது. கொதித்து இறக்கிய நீரை விதையின்மேல் ஊற்றி, இரவு முழுவதும் ஊறவிட்டு, மாரி மழை தொடங்கியதும் வேலியோரத்திலே முழத்துக்கு ஒன்றாக ஊன்றுக. மாடுகள் இதனைப் பெரும்பாலும் விரும்பித் தின்பதில்லையாதலின் காவல் அதிகம் வேண்டியதில்லை. முதலாம் ஆண்டு வெட்டாது விடுக.