வட்டப் பொருளாதாரத்தின் வட்டி

என்னோடு பி.இ. படித்த நண்பன் ஒருவன் திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருக்கிறான். போன வருஷம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தான். வட்டப் பொருளாதாரம் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். "தண்ணியச் சுத்தம் பண்றதெல்லாம் மேட்டரே இல்லடா. அதுக்கு வாங்கின கடனைக் கட்டறதுதான் மேட்டரு" என்றான். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நான் போட்டுப் பார்த்த கணக்குதான் இந்தக் கட்டுரை.

முதலில் பின்னணி. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும், அதுவும் லிட்டருக்குப் பல பத்து கிராம் கணக்கில். சாயம் துணியில் தங்கிவிடும், உப்பு தண்ணீரோடு வெளியே வந்துவிடும். நிறத்தையும் அழுக்கையும் பாக்டீரியா, ரசாயனம் வைத்து எடுத்துவிடலாம். கரைந்த உப்பை அப்படி எடுக்க முடியாது. பல வருஷம் அந்தத் தண்ணீர் நொய்யலில் போனது. பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாக மாறியது. கீழே உள்ள கிணறுகள் உப்பாயின, விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள்.

2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே விடக் கூடாது என்று உத்தரவு போட்டது. அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசா அபராதம், பிறகு 8, பிறகு 10. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்படியும் முழுசாக நடக்காததால் 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடச் சொல்லிவிட்டார்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். எண்கள் புரிவதற்காக நானே வைத்தவை. ஒரு நாளைக்கு 10 லட்சம் லிட்டர் சுத்திகரிக்கும் ஆலை, செலவு 10 கோடி ரூபாய், முழுக்கக் கடன், 12 சதவீத வட்டி, 10 வருஷத் தவணை. மாதத் தவணை சுமார் 14.35 லட்சம், வருஷத்துக்கு 1.72 கோடி. வருஷத்தில் 300 நாள் ஓடினால் 30 கோடி லிட்டர். அதாவது லிட்டருக்கு 5.7 பைசா கடனுக்கே போகிறது. ஆலையை ஓட்டும் செலவு தனி.

இந்த 5.7 பைசாவை அந்த அபராதத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓட்டும் செலவையும் சேர்த்தால் 10 பைசாவை எளிதாகத் தாண்டிவிடும். வெறும் அபராதம் மட்டும் இருந்திருந்தால், அதைக் கட்டிவிட்டு ஆற்றில் விடுவதுதான் லாபம். மூடிவிடுவோம் என்ற மிரட்டல் இல்லாமல் எந்த முதலாளியும் இந்தக் கடனை வாங்கியிருக்க மாட்டார்.

அதே 10 கோடி வட்டியில்லாமல் கிடைத்தால்? வருஷத்துக்கு ஒரு கோடி, லிட்டருக்கு 3.3 பைசா. ஆர்டர் குறைந்து ஆலை பாதி அளவுதான் ஓடுகிறது என்றால்? வட்டிக் கடனில் 11.5 பைசா. தவணைக்கு ஆர்டர் குறைந்தது தெரியாது. பட்டறைகள் மூடிக் கிடந்தபோது தண்ணீரும் வரவில்லை, வருமானமும் வரவில்லை, வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இதனால்தான் தமிழக அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுக்க வேண்டி வந்தது. திருப்பூரில் அப்படி 18 பொது நிலையங்கள். பட்டறைக்காரர்களே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்துவது. தனியாக நின்றால் கடன் கிடைக்காத சின்னப் பட்டறைக்கு அது ஒரு வழி.

பேங்க் ஏன் தயங்குகிறது என்பதும் இதில் புரிகிறது. தறி வாங்கக் கடன் கொடுத்தால் துணி வரும், துணி விற்றால் பணம் வரும். சவ்வூடு வடிகட்டி வாங்கக் கடன் கொடுத்தால் வருவது மிச்சம்தான்: லாரித் தண்ணீர் மிச்சம், உப்பு மிச்சம். கடன் நின்றுபோனால் பழைய சவ்வை யார் வாங்குவார்கள்?

ஓட்டும் செலவிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தண்ணீரில் பெரும்பகுதியைச் சவ்வே மீட்டுவிடும், ஆயிரம் லிட்டருக்குச் சில யூனிட் கரண்ட் போதும். கடைசியில் மிஞ்சும் அடர்த்தியான உப்புத் தண்ணீரைக் காய்ச்சித்தான் ஆக வேண்டும். நேரடியாகக் காய்ச்சினால் ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 630 யூனிட் வெப்பம். ஒரே வெப்பத்தைப் பல கட்டமாகத் திரும்பப் பயன்படுத்தி இதைக் குறைக்கிறார்கள். உப்புக் கரைசலை அப்படியே சாயத்தொட்டிக்குத் திருப்பி அனுப்பியும் குறைக்கிறார்கள். எப்படிச் செய்தாலும் வட்டத்தின் கடைசித் துண்டுதான் ரொம்ப காஸ்ட்லி. அப்படியும் முழுசாக மூடவில்லை. பிரிக்க முடியாத கலப்பு உப்பு இன்னும் கொட்டகைகளில் குவிகிறது.

இன்னொரு பக்கம் பழைய கடனும் அடிவாங்கும். பவானி ஆற்றிலிருந்து ஒரு நாளைக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் தனியார் பங்கேற்புத் திட்டம் 2000-களின் நடுவில் திருப்பூருக்கு வந்தது. ஊருக்கும் கிராமங்களுக்கும் குறைந்த விலை, தொழிற்சாலைக்கு அதிக விலை என்பது அதன் கணக்கு. தொழிற்சாலை தன் தண்ணீரையே திரும்பப் பயன்படுத்த ஆரம்பித்தால் அதிக விலை கொடுக்கும் வாடிக்கையாளர் குறைகிறார். ஆற்றுக்கு நல்லது, அந்தக் கடன்காரருக்கு நஷ்டம். நேர்கோட்டுப் பொருளாதாரத்தை நம்பிக் கொடுத்த கடன் எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து இருக்கிறது.

அப்போ மாற்றத்துக்கு யார் பணம் போட்டார்கள்? கிணற்றை இழந்த விவசாயி முதலில் போட்டார், அவரைக் கேட்காமலே. பிறகு பட்டறைக்காரர், பேங்க், அரசு. பனியனைப் போடுகிறவர் இந்த வரிசையில் எங்கே இருக்கிறார்? நண்பனிடம் கேட்டேன், தண்ணீர்ச் செலவை வாங்குபவர்கள் கிலோவுக்குச் சேர்த்துத் தருகிறார்களா என்று.

"சர்டிஃபிகேட் கேப்பாங்க. ரேட்டுன்னு பேச்செடுத்தா, அதுல பாதி வெலைக்கு வேற ஊர்ல போடறாங்கன்னு சொல்லுவாங்க."

அந்த வேற ஊரில் கழிவுநீர் ஆற்றுக்குப் போகிறதா என்று அவர்கள் கேட்பதில்லை. ஒரு ஊரில் மட்டும் விதியைக் கறாராக வைத்தால், அந்த ஊர்தான் வட்டி கட்டும். பச்சைக் கடன், பச்சைப் பத்திரம் என்று எந்தத் திட்டம் வந்தாலும் இப்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: ஆலை பாதி அளவு ஓடும் வருஷத்தில் தவணையை யார் கட்டுவார்கள் என்று அதில் எழுதியிருக்கிறதா? எழுதவில்லை என்றால், தண்ணீர் ஒரு நாள் ராத்திரியில் மறுபடியும் ஆற்றுக்குத்தான் போகும்.