மணிக்கட்டில் ஓர் அட்டை

கிரிக்கெட்டில் அடுத்த பந்து யார்க்கரா, பவுன்சரா என்று யார் முடிவு செய்கிறார், நேயர்களே? பந்து வீசுகிறவர்தான், மிஞ்சிப்போனால் கேப்டன். ஆனால் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஆடும், பேஸ்பால் மாதிரியான சாஃப்ட்பாலில், பல அணிகளில் அந்த முடிவு மைதானத்துக்கு வெளியே இருந்துதான் வருகிறது. ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளர் ஓர் எண்ணைச் சொல்வார். மட்டையடிப்பவருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் தன் மணிக்கட்டில் கட்டிய அட்டையைப் பார்ப்பார். எந்த மாதிரிப் பந்து, எந்தப் பக்கம் என்பது அந்த எண்ணுக்கு நேரே இருக்கும். எதிரணி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாலும், அட்டை கையில் இல்லாமல் ஒன்றும் விளங்காது!

அப்படியானால் ஆடுகிற பெண் வெறும் பொம்மையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எதிரணியில் யார் எந்தப் பந்துக்குத் தடுமாறுவார் என்று வீடியோவை ஓட்டி ஓட்டிப் பார்க்க நேரம் வேண்டுமே! மாணவிகளுக்கோ வகுப்பும் பரீட்சையும் காத்திருக்கின்றன. அதுமட்டுமல்ல, நான்கைந்து வருடத்தில் படிப்பு முடிந்து கிளம்பிவிடுவார்கள். பயிற்சியாளர் இருப்பார். ஓக்லஹோமா பல்கலைக்கழக அணி 2021 முதல் தொடர்ந்து நான்கு வருடம் தேசியப் பட்டத்தை வென்றதே, அதன் தலைமைப் பயிற்சியாளர் பேட்டி கேஸோ 1995-லிருந்து அங்கேயே இருப்பவர். இன்னொன்று, எந்தப் பந்து என்று சொல்வது சுலபம். கையைக் கீழாகச் சுழற்றி, நினைத்த இடத்தில் அதைப் போடுவது பந்து வீசும் பெண்ணின் வேலைதான்.