கல்லாகும் காது மடல்

கீழே விழுந்தவருக்கோ தலைசுற்றிக் கிடப்பவருக்கோ தஞ்சாவூரில் தலையை ஸ்கேன் எடுக்கும்போது, மூளையில் ரத்தக்கசிவு உண்டா என்று தேடுகிற டாக்டரின் கண்ணில், சாம்பல் நிறமாய் மங்கித் தெரிய வேண்டிய காது மடல், மண்டையோட்டுக்கு நிகராக வெள்ளை வெளேரென்று பட்டுவிடுவது அபூர்வமாக உண்டு. குருத்தெலும்பில் சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகிவிட்டது என்பதே அதன் அர்த்தம்.

ஆரோக்கியமான காதின் மேல்விளிம்பை மடக்கிவிட்டால் உடனே நிமிர்ந்துகொள்ளும். இறுகிய காதோ மடங்கவே மடங்காது. குருத்தெலும்பே இல்லாத, கடுக்கன் போடும் சோணை மட்டும் மெத்தென்றே இருக்கும். பெரும்பாலும் வலி கிடையாது. ஒருக்களித்துப் படுக்கும்போது உறுத்தல் தோன்றலாம், அவ்வளவே.

குளிர் தேசங்களில் இதற்குப் பிரதான காரணம் உறைபனியால் காதுக்கு நேரும் சேதம். மார்கழிப் பனிக்கு மேல் குளிரறியாத காவிரிப் படுகையில், இமயமலைப் பனியில் காவலிருந்து திரும்பிய ராணுவ வீரரைத் தவிர மற்றவர்க்கு அக்காரணம் பொருந்தாதாகையால், பழைய அடி, குருத்தெலும்பில் வந்துபோன அழற்சி ஆகியவற்றோடு, சுரப்பிகளின் கோளாற்றையும் விசாரிப்பது அவசியமாகிறது. அவற்றுள் முக்கியமானது, சிறுநீரகங்களின் உச்சியில் அமைந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள் நலிந்துபோவது. 1855-இல் லண்டன் வைத்தியர் தாமஸ் அடிசன் விவரித்த இந்நோய்க்கு அந்நாளில் க்ஷயரோகமே பெருங்காரணமாயிருந்தது. நம் நாட்டில் அந்த ரோகம் இன்னும் ஒழிந்தபாடில்லை.

ஓயாத அசதி, உடல் மெலிதல், எழுந்து நின்றால் கிறுகிறுப்பு, உப்பின்மேல் தீராத ஆசை, சருமம் கறுத்தல் ஆகியவை அட்ரீனல் நலிவின் லக்ஷணங்கள். நாற்றுப் பறித்தும் களை எடுத்தும் வயலிலேயே ஜீவிப்பவர்களிடம், அசதியை வயதின்மேலும் கறுப்பை வெயிலின்மேலும் போட்டுவிடுவது சுலபமாகையால், வெயில் அதிகம் எட்டாத உள்ளங்கை ரேகைகளையும் ஈறுகளையும் பார்ப்பதே உத்தமம். சந்தேகம் எழுந்தால், அச்சுரப்பிகள் சுரக்கும் கார்டிசாலின் அளவைக் காலையில் ரத்தத்தில் பரிசோதிப்பது முதற்படி. நோய் உறுதியானால் அதற்கு ஈடான மாத்திரையை ஆயுள் முழுவதும் விடாமல் உட்கொள்ள வேண்டும். காய்ச்சல், அறுவை சிகிச்சை போன்ற சமயங்களில் டாக்டர் சொற்படி அதன் அளவைக் கூட்ட வேண்டும். காதிலே படிந்த சுண்ணாம்பு பெரும்பாலும் கரையாதெனினும், ரத்த அழுத்தம் திடீரெனச் சரிந்து பிராணாபாயம் நேராமல் காத்துக்கொள்ளலாம்.

கண் நோயாளிகளின் விவரங்களை எழுதுவித்தும், அவர்தம் கண்களைச் சித்திரமாகத் தீட்டுவித்தும் வைத்த இரண்டாம் சரபோஜி மன்னர் 1798 முதல் 1832 வரை ஆண்ட ஊரிலே, பார்த்ததைக் குறித்துவைப்பது பழைய வழக்கந்தான். ஸ்கேனைப் பார்ப்பவர் காது மடலைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி எழுதட்டும். அதைப் படிக்கும் டாக்டர் அசதியைப் பற்றியும் உப்பைப் பற்றியும் நோயாளியிடம் கேட்கட்டும். அறிக்கை கைக்கு வந்தவரும் பீதியடையாமல், அதே சமயம் அலட்சியமும் செய்யாமல், அதன் காரணத்தைக் கேட்டுத் தெளியட்டும்.