கலைந்த சோறு யாருடையது?

பிள்ளைகளால் குலையும் இன்பங்களைப் பற்றித் தமிழில் பேச ஆரம்பித்தாலே புறநானூற்றின் 188ஆம் பாட்டு எதிரே வந்து நின்றுவிடுகிறது. பாடியவன் பாண்டியன் அறிவுடை நம்பி. தளர்நடை போட்டு வரும் பிள்ளை நெய்ச்சோற்றுக்குள் கைவிட்டுத் துழாவுகிறது, கடிக்கிறது, மேலெல்லாம் பூசிக்கொள்கிறது. பலரோடு கூடி உண்ணும் பெருஞ்செல்வரே ஆனாலும், இப்படி மயக்கும் பிள்ளை இல்லையென்றால் வாழ்நாள் பயனற்றது என்று பாட்டு தீர்ப்புச் சொல்கிறது. திருக்குறளின் 7ஆம் அதிகாரமும் பிள்ளையின் கை பட்ட கூழை அமிழ்தத்துக்கு மேலே வைக்கிறது.

இரண்டிலும் நடப்பது ஒன்றுதான். ஒரு சாப்பாடு கெடுகிறது. அந்தக் கெடுதல் மேலான இன்பமாக மாற்றப்படுகிறது. இது பொய் என்று நான் சொல்லவில்லை. எந்த இடத்திலிருந்து சொல்லப்படுகிறது என்பதே கேள்வி. பாட்டுக்குள் சோறு ஏற்கெனவே பரிமாறப்பட்டுவிட்டது. ஆக்கியவர், சிதறியதைத் துடைப்பவர், கடைசியில் சாப்பிடுபவர் யாரும் பிரதிக்குள் இல்லை.

கொங்குப் பக்கத்து அடுக்களையில் வைத்து இதை வாசித்துப் பார்க்கலாம். அரிசிம்பருப்புச் சோற்றுக்குச் சூடுதான் ருசி. இறக்கின கையோடு நெய் விட்டுச் சாப்பிட வேண்டும். பிள்ளைக்கு ஊட்டி, வாய் கழுவி, தூங்கவைத்துவிட்டுத் தாய் வந்து உட்காரும்போது அது கட்டிதட்டிக் கிடக்கும். 'ஆறிப்போச்சே' என்றால், 'பெத்தவளுக்கு என்ன ருசி வேண்டிக் கெடக்குது?' என்று பதில் வரும். எனக்கும் வந்திருக்கிறது. என் மகளுக்கு நாலு வயசு. ஒரு சிறுகதையை ஒரே மூச்சில் வாசித்தும் நாலு வருஷமாகிறது.

சூடான காப்பி, தாழிட்ட குளியல், ஒரு கதை: இவை அதிக நேரம் கேட்பவை அல்ல, அறுபடாத நேரம் கேட்பவை. பத்து நிமிஷத்தை ஐந்து துண்டாக்கினால் மிஞ்சுவது பத்து நிமிஷம் அல்ல. 2019இல் இந்தியா முழுக்க எடுத்த காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டாரைப் பராமரிப்பதில் ஈடுபட்ட பெண்கள் நாளுக்குச் சராசரியாக 134 நிமிஷமும் ஆண்கள் 76 நிமிஷமும் செலவிட்டார்கள். மிச்ச நேரம் எத்தனை துண்டாகிக் கிடந்தது என்பது இந்த எண்களில் தெரியாது.

மொழியும் கைகொடுப்பதில்லை. 'சிற்றின்பம்' என்ற சொல்லை உடலின்பத்துக்கு ஒதுக்கி, கொஞ்சம் கூச்சத்தையும் பூசிவிட்டோம். சின்னச் சின்ன இன்பங்களுக்கு ஒரு பெயரில்லை. பெயரில்லாத ஒன்றை இழந்ததாக எப்படி முறையிடுவது? முறையிட்டால், பிள்ளைமேல் பாசமில்லாதவள் என்றாகிவிடும்.

அந்தப் பாட்டின் தீர்ப்பு மறுபக்கமும் வெட்டுகிறது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) நாவலில் திருச்செங்கோட்டுப் பக்கத்துக் காளியும் பொன்னாவும் ஒருவர்மேல் ஒருவர் கொண்ட ஆசை குறையாதவர்கள். ஊர் அதை இன்பமாகவே எண்ணுவதில்லை. பிள்ளை எங்கே என்று கேட்டுக் கேட்டே அதைக் குலைத்துவிடுகிறது. ஆக, பிள்ளையில்லாதவர்களின் இன்பமும் செல்லாது, பெற்றவளின் இழப்பும் செல்லாது. இரண்டையும் செல்லாததாக்குவது ஒரே சொல்லாடல்தான்.

பிள்ளையைக் கொஞ்சுவதும் ஆறிய சோற்றுக்காக எரிச்சல்படுவதும் ஒரே மனசுக்குள் இருக்கக்கூடியவை. ஒன்று மற்றதைப் பொய்யாக்குவதில்லை. 188ஆம் பாட்டை வகுப்பில் நடத்துகிறவர்கள் நயம் சொல்லி முடித்த பிறகு, சிந்தின சோற்றை யார் பொறுக்கியிருப்பார்கள் என்றும் ஒரு கேள்வி கேட்கலாம்.