ஒன்பதா, பத்தா?

எலெக்ட்ரிக் கிட்டாருக்குத் தந்தி வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது, “நைனா, டென்னா?” என்றுதான். ஆறு தந்திகளில் மிக மெல்லியதன் விட்டத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் இத்தனை பங்கு என்று சொல்லும் கணக்கு இது. நைன் செட்டில் முதல் தந்தி 0.009 அங்குலம், டென் செட்டில் 0.010. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு தலைமயிரின் தடிமனில் பாதிகூடத் தேறாது. ஆனாலும் விரல் வைத்த மாத்திரத்தில் கைக்குத் தெரிந்துவிடும்.

காரணத்தை 1636-லேயே பிரெஞ்சுப் பாதிரியார் மரேன் மெர்சென் எழுதிவைத்திருக்கிறார். தந்தியின் சுருதியைத் தீர்மானிப்பவை அதன் நீளம், இழுவிசை, எடை. நீளமும் சுருதியும் மாறாமல் தந்தியை மட்டும் தடிமனாக்கினால், இழுவிசை விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் தந்தி அதிரும் நீளம் 25.5 அங்குலம். அதில் ஒன்பதைக் கட்டி முதல் தந்திக்கு உரிய சுருதிக்கு ஏற்றினால் ஏறக்குறைய 6 கிலோ இழுக்கிறது. பத்து கட்டினால் 7.4 கிலோ, பதினொன்று கட்டினால் 9 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆறு தந்திகளையும் சேர்த்தால் நைன் செட் சுமார் 38 கிலோவும் டென் செட் சுமார் 46 கிலோவும் கிட்டாரின் நெக்கை இழுத்துக்கொண்டிருக்கின்றன. கிப்சன் லெஸ் பாலின் நீளம் 24.75 அங்குலம்தான் என்பதால் அதே செட் அங்கே 6 சதவீதம் இளகிவிடும். கிட்டார் எது என்று சொல்லாமல் எண்ணை மட்டும் சிபாரிசு செய்வதில் அதனால் அர்த்தமில்லை.

இந்தக் கணக்கைத் தன் உடம்பால் படித்தவர் பிளாக் சப்பாத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி. 1965, இங்கிலாந்தின் பர்மிங்காம். தகட்டு உலோகத் தொழிற்சாலையில் வேலை பார்த்த 17 வயதுப் பையன். வேலையை விடும் கடைசி நாளில் எந்திரத்தில் சிக்கி வலது கையின் நடு விரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளும் போயின. அவர் இடதுகைக்காரர், தந்தியை அழுத்துவது அந்த வலது கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குக் குப்பிகள் செய்து, மேலே தோல் ஒட்டி மீண்டும் வாசிக்கத் தொடங்கினார். குப்பிக்குத் தொடு உணர்வு கிடையாது. தடித்த தந்தியை அழுத்தினால் வலி. எனவே பாஞ்சோவின் மெல்லிய தந்திகளைக் கிட்டாரில் கட்டினார். பிற்பாடு இழுவிசையைக் குறைக்க இன்னொரு வழியையும் எடுத்தார். பிளாக் சப்பாத்தின் 1971 ஆல்பமான ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யின் சில பாடல்களில் கிட்டாரை மூன்று அரைச்சுரம் இறக்கினார். சுருதி 16 சதவீதம் இறங்கும்போது இழுவிசை 29 சதவீதம் குறைகிறது. ஹெவி மெட்டலின் அந்தக் கனத்த ஒலி உருவானதில் மெல்லிய தந்திக்கும் தளர்ந்த சுருதிக்கும் பங்கு உண்டு என்பது எனக்கு இன்றும் சிலிர்ப்பூட்டும் விஷயம்.

பாஞ்சோ தந்தியைத் தேடி ஓடியவர் அவர் மட்டுமல்ல. அந்தக் காலத்துச் செட்டுகள் தடிமனானவை. மூன்றாவது தந்தியின் மேலும் கம்பி சுற்றப்பட்டிருக்கும். கலிஃபோர்னியாவில் கிட்டார் கடை வைத்திருந்த எர்னி பால், புதிதாகப் பழகுபவர்கள் அந்த மூன்றாவது தந்தியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, 1960களின் தொடக்கத்தில் மெல்லிய செட்டுகளைத் தாமே செய்வித்து விற்றார். இன்று உலகெங்கும் விற்கும் ‘ஸ்லிங்கி’ அதுதான்.

மூன்றாவது தந்தி ஏன் அவ்வளவு படுத்தியது? தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுரத்தை ஏற்றுவதைக் கிட்டார்காரர்கள் பெண்ட் என்கிறார்கள். வீணையில் மெட்டின் மேல் தந்தியை இழுத்துக் கமகம் எடுப்பதும் இதே இயற்பியல்தான். சுற்றிய தந்தியில் எடையைத் தருவது வெளிச்சுற்று. இழுவையைத் தாங்குவதோ உள்ளிருக்கும் மெல்லிய மையக் கம்பி. அதனால் எவ்வளவு தள்ளினாலும் சுரம் மெதுவாகத்தான் ஏறும். சுற்று இல்லாத தந்தியில் முழு உலோகமும் இழுவையைத் தாங்குவதால் சிறிது தள்ளினாலே சுரம் தாவும். கர்நாடக இசையின் கமகங்களுக்காக மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸும் தந்தியில்தான் கைவைத்தார். இரட்டை இரட்டையாக நாலு ஜோடித் தந்திகள் கொண்ட கருவியை, எலெக்ட்ரிக் வடிவில் ஐந்து ஒற்றைத் தந்திகளாக்கி வாசித்தார்.

மெல்லிய தந்தி சீக்கிரம் அறுந்துவிடும் என்ற பேச்சை இங்கே சற்றுப் பிரித்துப் பார்க்கலாம். தந்தி மெலிந்தால் இழுவிசை குறைகிறது. அதைத் தாங்கும் குறுக்குப் பரப்பும் அதே விகிதத்தில் குறைகிறது. ஆக, ஒவ்வொரு சதுர மில்லிமீட்டர் எஃகின் மேலும் விழும் சுமை ஒன்பதிலும் பதினொன்றிலும் சரிசமம். அறுப்பது துருவும், தந்தியைத் தாங்கும் பிரிட்ஜில் உள்ள கூரான பிசிறும்தான். மெல்லியதில் ஒரு சிறு கீறல் பெரிய பங்கைத் தின்றுவிடும், அவ்வளவே. கடற்காற்றும் வியர்வையும் சேரும் ஊர்களில் வாசித்து முடித்ததும் தந்தியைத் துணியால் துடைத்துவிடுவது, எண்ணை மாற்றுவதைவிடப் பலன் தரும்.

தடித்த தந்திதான் நல்ல ஒலி தரும் என்ற நம்பிக்கைக்கும் பாதி நியாயம் உண்டு. தந்திகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப்பின் காந்தப்புலத்தைக் கலைத்துத்தான் தந்தி மின்சாரம் பிறப்பிக்கிறது. அதிக எஃகு அதிகமாகக் கலைக்கும். ஓங்கி மீட்டும்போது தளர்ந்த மெல்லிய தந்தி அகலமாக ஆடி, சுருதி ஒரு கணம் மேலேறி இறங்கும். சுருதியை இறக்கி வாசிப்பவர்கள் தடித்ததைத் தேடுவது இதனால்தான். ஆனால் டெக்சாஸ் மாநிலத்தின் இரண்டு ப்ளூஸ் வாசிப்பாளர்களைப் பாருங்கள். ஸ்டீவி ரே வான் 13 வரை கட்டியவர், அரைச்சுரம் இறக்கி. பில்லி கிப்பன்ஸோ மூத்த ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங் சொல்லித் தடிமனைக் கைவிட்டு 7 வரை இறங்கியவர். ஒரே கிட்டாரில் ஒரே சுருதிக்குக் கட்டினால் முன்னதன் இழுவை பின்னதைப் போல் ஏறக்குறைய மூன்றரை மடங்கு. இருவர் ஒலியிலும் குறை சொல்ல என்னால் முடியாது. புதிதாகப் பழகுகிறவர் ஸ்ட்ராட்டோகாஸ்டரோடு வந்து கேட்டால் நான் நைனைத்தான் சொல்வேன்.

உலோகத்தில் தேர்வு சுலபம். நிக்கல் பூசிய எஃகுச் சுற்று பொதுவானது. தூய நிக்கல் சற்று மென்மையாக, பழைய பதிவுகளின் சாயலில் ஒலிக்கும். துருப்பிடிக்காத எஃகு பளீரென்று இருக்கும், துருவையும் தாங்கும். அக்கூஸ்டிக் கிட்டாரின் வெண்கலச் சுற்று மட்டும் இங்கே வேண்டாம். வெண்கலம் காந்தத்துக்கு மசியாது. சுற்றுக்கு உள்ளிருக்கும் எஃகு மட்டுமே பிக்கப்புக்குத் ‘தெரியும்’.

செட்டின் எண்ணை மாற்றினால் கிட்டாரையும் அதற்குப் பழக்க வேண்டும். நைனிலிருந்து டென்னுக்குப் போகும்போது நெக் கூடுதலாக எட்டு கிலோ இழுவையில் முன்பக்கம் வளையும். நெக்கின் உள்ளே ஓடும் டிரஸ் ராட் என்ற உலோகக் கம்பியைச் சிறிது முறுக்கிச் சரிசெய்வார்கள். பிறகு ஒவ்வொரு தந்தியையும் சும்மா ஒருமுறை, 12-வது ஃப்ரெட்டில் அழுத்தி ஒருமுறை மீட்டி, இரண்டாவது சரியாக ஒரு ஸ்தாயி மேலே நிற்கிறதா என்று ட்யூனரில் பாருங்கள். கூடியிருந்தால் பிரிட்ஜில் அந்தத் தந்தியின் தாங்கியைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும், குறைந்திருந்தால் முன்னுக்கு.