வீட்டின் ஆண்டு – 4: பங்குனிக் கடைசி முதல் ஆனி வரை

சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும் நாள் தமிழ்நாட்டில் முதலில் ஏப்ரல் மாதத்தில் வருகிறது. கன்னியாகுமரியில் அம்மாதத்தின் இரண்டாம் வாரத்திலும், மதுரையில் நடுவிலும், சென்னையில் 24-ஆம் தேதியை ஒட்டியும் நண்பகல் நிழல் காலடியில் மறைந்துவிடும். ஆனாலும் வெயில் அன்றைக்கே முற்றிவிடுவதில்லை. நிலம் சூட்டை வாங்கி வாங்கிச் சேர்த்துக்கொள்ள, மே மாதத்தில்தான் அனல் உச்சம் தொடுகிறது. பஞ்சாங்கம் அக்னி நட்சத்திரம் என்று குறிக்கும் நாட்கள் மே 4-ஐ ஒட்டித் தொடங்கி 28-ஐ ஒட்டி முடிகின்றன. பள்ளிகளின் கோடை விடுமுறை இதைச் சுற்றியே அமைந்திருக்கிறது. அறுவடை முடிந்து பல வயல்கள் சும்மா கிடக்கும் காலமும் இதுவே. கையில் கொஞ்சம் பணம், ஆளுக்கு ஓய்வு, மழை பற்றிய கவலையின்மை மூன்றும் ஒருசேர வாய்ப்பதால் வீட்டு வேலையும் விசேஷமும் பயணமும் இந்தச் சில வாரங்களுக்குள் வந்து நெருக்குகின்றன. பள்ளிக்குப் போகும் பிள்ளை ஒன்றும் இடுப்புக் குழந்தை ஒன்றுமாக இருக்கும் இளங்குடும்பத்துக்கு இந்த நெருக்கடி இன்னும் அதிகம். எதை முன்னே வைப்பது, எதைப் பின்னே தள்ளுவது என்ற வரிசை தெரிந்தால் பாதி பாரம் குறையும். அந்த வரிசையை வெயிலே வகுத்துக் கொடுக்கிறது.

முதலில் வருவது அடுப்படி. பங்குனியில் மாவடு சந்தைக்கு வந்துவிடும். காம்போடு கூடிய பிஞ்சுகளைக் கழுவித் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்புப் போட்டு ஜாடியில் அடைத்தால், உப்பு பிஞ்சிலுள்ள நீரை வெளியே இழுத்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாத ஜாடியில் சில நாட்களில் நீர் தேங்கி, வடு சுருங்கி நிற்பது இதனால்தான். அதன்பின் கடுகுப்பொடியும் மிளகாய்த்தூளும் மஞ்சளும் சேரும். அந்த உப்புநீரில் கெடுக்கும் கிருமிகள் வாழ முடியாது. ஈரக்கை படாமல் பார்த்துக்கொண்டால் ஆண்டு முழுவதும் இருக்கும்.

வடகத்துக்கு ஏற்ற நாட்கள் பங்குனிக் கடைசியும் சித்திரை முன்பாதியும். அதற்குப் பின் வெயில் இன்னும் கடுமைதான். ஆனால் மாலை நேரத்து இடிமழை எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. பாதி காய்ந்த வடகத்தில் ஒரு தூறல் விழுந்தால் உழைப்பு வீண். பச்சரிசியை ஊறவைத்து அரைத்துக் கூழாகக் கிளறி, ஆறியபின் பச்சைமிளகாய் விழுதும் சீரகமும் பெருங்காயமும் எலுமிச்சைச் சாறும் சேர்ப்பார்கள். உப்பு விஷயத்தில்தான் புதிதாகச் செய்பவர்கள் தவறுகிறார்கள். கூழில் ருசி பார்க்கும்போது உப்பு சற்றுக் குறைவாகவே இருக்க வேண்டும். காய்ந்தால் நீர் போய்விடும், உப்பு போகாது. கூழில் சரியாக இருந்த உப்பு வடகத்தில் கரிக்கும்.

வெயில் ஏறுவதற்குள் மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து, நனைத்துப் பிழிந்த துணியின் மேல் கரண்டியாலோ அச்சாலோ ஊற்றிவிட வேண்டும். மாலையில் துணியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் வடகம் முழுசாகக் கழன்று வரும். அதைத் தட்டில் பரப்பி இன்னும் இரண்டு மூன்று நாள் வெயில் காட்ட வேண்டும். கையால் ஒடித்தால் சட்டென்று முறிய வேண்டும். வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, டப்பாவில் பூஞ்சை பிடிக்கும். நன்றாகக் காய்ந்ததிலும் மாவுக்குள் துளி ஈரம் தங்கியிருக்கும். கொதிக்கும் எண்ணெயில் அந்த ஈரம் நொடியில் ஆவியாகி விரிவதால்தான் வடகம் பொரிந்து பூக்கிறது.

மோர் மிளகாய்க்குப் பொறுமை வேண்டும். காம்பை முழுதும் எடுக்காமல் நுனியில் கீறி, உப்பிட்ட புளித்த மோரில் ஊறவைத்து, பகலில் வெயிலிலும் இரவில் திரும்ப மோரிலும் போட்டுவர, மோர் முழுவதும் மிளகாய்க்குள் ஏறிய பிறகு வெறும் காய்ச்சல் மட்டும். சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரை வற்றல்களும் இதே மாடியில்தான். ஆண்டுக்கான மிளகாய், மல்லி, மஞ்சள் காய்ந்து மில்லுக்குப் போவதும், புளி கொட்டை நீக்கிப் பானையில் ஏறுவதும் இதே நாட்களில்தான். காக்கை விரட்டக் குழந்தைகளை உட்கார வைப்பது பழைய ஏற்பாடு. விடுமுறையில் பிள்ளைகளை எந்த வகுப்பில் சேர்ப்பது என்று அலையும் பெற்றோர், நீர் எப்படி ஆவியாகிறது, உப்பு எப்படிச் செறிகிறது என்பதைக் கண்ணாலேயே காட்டும் இந்த வகுப்பை விட்டுவிடக் கூடாது. காலை பத்து மணியோடு குழந்தைகளைக் கீழே இறக்கிவிட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

அடுத்தது மாடித் தளம். ஒழுகல் அடைக்கும் வேலையை மழை வந்தபின் செய்ய இயலாது. நீர்த்தடுப்புப் பூச்சு எதுவானாலும் காய்ந்த தளத்தில்தான் ஒட்டும். ஆகையால் தட்டோடு பெயர்ந்த இடங்களைக் கொத்திப் பார்ப்பதும், விரிசலை அகலப்படுத்திச் சுத்தம் செய்து நிரப்புவதும், மழைநீர் இறங்கும் குழாய் வாயைச் சுற்றியுள்ள பூச்சைப் புதுப்பிப்பதும் சித்திரை வைகாசி வேலை. பெரும்பாலான ஒழுகல்கள் தளத்தின் நடுவில் பிறப்பதில்லை. கைப்பிடிச் சுவர் தளத்தைத் தொடும் மூலையிலும் குழாய் வாயிலும்தான் பிறக்கின்றன. கொத்தனாரை அழைப்பதற்கு முன் வீட்டுக்காரர் அந்த இடங்களைத் தாமே ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

புதிய கான்கிரீட் வேலைக்கு மட்டும் இந்தக் காலம் ஏற்றதன்று. சிமெண்ட் இறுகுவது காய்வதால் அல்ல, நீரோடு வினைபுரிவதால். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், வெப்பமும் வறட்சியும் மிகுந்த காலத்தில் 10 நாள் ஈரம் காக்க வேண்டும் என்று இந்தியத் தரநிலை 456 சொல்கிறது. தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கி வைப்பது அதற்காகத்தான். கிணறும் ஆழ்துளைக் குழாயும் வற்றும் மே மாதத்தில் பத்து நாள் தண்ணீர் தேக்க எத்தனை வீடுகளால் முடியும்? புது அறை எடுப்பதைத் தை மாசியில் முடித்துக்கொண்டு, கோடையைப் பழுது பார்ப்பதற்கு விட்டுவைப்பதே சரி.

மாடிக்கு வெள்ளையடிப்பது செலவு குறைந்த, பலன் மிகுந்த வேலை. வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்புவதால் கீழுள்ள அறையின் சூடு சில டிகிரி தணிகிறது. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மறுபடி கல்லாக மாறித்தான் தளத்தில் பிடிக்கிறது. அதற்கு ஈரம் வேண்டும். உச்சி வெயிலில் கொதிக்கும் தளத்தில் அடித்த சுண்ணாம்பு மறுநாளே மாவாக உதிர்வது இதனால்தான். வெயில் தாழ்ந்தபின் தளத்தை நனைத்துவிட்டு அடித்தால் நின்று பிடிக்கும். சுண்ணாம்புக் கல்லை வீட்டில் நீற்றுவதானால் தண்ணீரில் கல்லைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். கல்லின் மேல் தண்ணீரைக் கொட்டக் கூடாது. கொதித்துத் தெறிக்கும் அந்தச் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். குழந்தைகள் உள்ள வீட்டில் நீற்றிய சுண்ணாம்பாகவே வாங்கிவிடுவது மேல்.

கதவு ஜன்னலுக்கு வர்ணம் அடிப்பதிலும் அப்படி ஓர் ஆபத்து உண்டு. வீட்டு வர்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்துக்கு 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் பூச்சைக் காய்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் கிளம்பும் தூசியில் ஈயம் இருக்கக்கூடும். தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும்; ஈயம் வளரும் மூளையைப் பாதிக்கும். பழைய பூச்சை நனைத்துத் தேய்ப்பதும், அந்த இரண்டு நாள் குழந்தைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் அவசியம். தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழியைத் தூர்வாரி, கூழாங்கல்லையும் மணலையும் அலசிப் போடுவதும் இந்தக் காலத்து வேலைதான். பல வீடுகளில் அந்தக் குழி எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோயிருப்பது வருத்தத்துக்குரியது.

விசேஷங்களுக்கு வரலாம். பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலுக்குக் குடும்பத்தோடு போவது திருநெல்வேலிப் பக்கத்து வழக்கம். ஏப்ரல் 14-ஐ ஒட்டி வரும் சித்திரை முதல் நாளில் மாங்காய்ப் பச்சடியும் வேப்பம்பூவும் இலையில் விழும்; அந்த இரண்டும் மரத்திலிருந்து நேராக வருபவை. ஆனால் கோடை முழுவதையும் தன்பால் இழுத்துக்கொள்ளும் விழா மதுரையில்தான் நடக்கிறது. மீனாட்சியம்மன் பட்டாபிஷேகம், திக்விஜயம், திருக்கல்யாணம், தேரோட்டம் என்று நாளுக்கு நாள் ஏறிவரும் சித்திரைத் திருவிழா, சித்ரா பௌர்ணமியன்று அழகர் வைகையில் இறங்குவதோடு கலக்கிறது. மீனாட்சி விழா முன்னர் மாசியில் நடந்ததென்றும், 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் அதைச் சித்திரைக்கு மாற்றி அழகர் விழாவோடு இணைத்தார் என்றும் மதுரையில் சொல்வது வழக்கு. பெருந்தேர் இழுக்கக் கைகள் வேண்டும். வயல்வேலை ஓய்ந்த சித்திரையில்தான் சுற்றுப்பட்டுக் கிராமங்கள் நகரத்துக்கு வர முடியும் என்பதை நினைத்தால் அந்த வழக்கில் நியாயம் தெரிகிறது.

திருக்கல்யாணத்தன்று மதுரைப் பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்கிறார்கள். மணமாகிச் சில ஆண்டே ஆன மருமகளுக்கு அது தனி நாள். அழகர் வரும் வழியெங்கும் செம்பில் நாட்டுச்சர்க்கரை நிரப்பி, வாழையிலை மூடிச் சூடம் ஏற்றி எதிர்கொள்கிறார்கள், குழந்தைகளுக்கு மொட்டையடிக்கிறார்கள், தோல்பையில் நிரப்பிய தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள், தெருவுக்குத் தெரு நீர்மோரும் பானகமும் வழங்குகிறார்கள். வெயிலில் நடப்பவருக்குத் தண்ணீரும் உப்பும் சர்க்கரையும் தேவை என்பதை வழிபாடாகவே ஆக்கிவைத்த ஏற்பாடு அது. ஆற்றில் இறங்கும் விடியற்காலையில் கூட்டம் லட்சக்கணக்கில் இருக்கும். கைக்குழந்தையோடு வருபவர்கள் கரையோரக் கூட்டத்துக்குள் நுழையாமல், அழகர் தங்கிச் செல்லும் மண்டகப்படி ஒன்றில் நின்று சேவிப்பதே பாதுகாப்பு.

இளங்குடும்பத்தின் சொந்த விசேஷம் பெரும்பாலும் காதுகுத்து. குலதெய்வக் கோயிலில், தாய்மாமன் மடியில் உட்கார வைத்து மொட்டையடித்துக் காது குத்துவார்கள். மாமன் சீர்த்தட்டு, பொங்கல், பல இடங்களில் கிடாவெட்டு, சாப்பாடு, மொய். தெற்கே அம்மன், சுடலைமாடன் கோயில் கொடைகளும் பெரும்பாலும் கோடைக்காலத்தில்தான்; இரவெல்லாம் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் நடக்கும். நகரத்தில் பிறந்த பிள்ளை தன் பங்காளிகளையும் மாமன் வழியாரையும் ஒரே இடத்தில் பார்ப்பது அன்றுதான். இதை மண்டபத்துக்கு மாற்றிப் படப்பிடிப்பு விழாவாக்கிக் கடன் வாங்கிச் செய்வதில் செலவுதான் மிச்சம். குலதெய்வக் கோயில் வேப்பமரத்தடியில் கிடைக்கும் உறவு அங்கே கிடைப்பதில்லை.

பயணத்தில் பழையது தாத்தா பாட்டி ஊருக்குப் போவது. ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளாக இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் 60 நாள் ஆகிவிட்டது. மே முதல் வாரத்தில் கிளம்புபவர் மார்ச் தொடக்கத்திலேயே பதிவு செய்தாக வேண்டும். தவறினால் ஆம்னி பேருந்துக் கட்டணம் பையைக் காலி செய்யும்.

மலைக்குப் போவது அதற்குப் பின் வந்த பழக்கம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டி, சமவெளி தகிக்கும்போதும் குளிர்வது அதனால்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் ஏறும் மலை ரயில் 1899-இல் குன்னூரையும் 1908-இல் ஊட்டியையும் எட்டியது. 2005-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. கல்லாறுக்கு மேல் தண்டவாளங்களின் நடுவே உள்ள பல்சட்டத்தை எஞ்சினின் பல்சக்கரம் கவ்வி ஏறுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகவே ஒருமுறை போகலாம். ஆனால் மே மாத ஊட்டியும் கொடைக்கானலும் தாங்கும் அளவைத் தாண்டிவிட்டன. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இரு மலைகளுக்கும் இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 கோடையில் வாகன எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது: ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மலர்க் கண்காட்சி நாட்களைத் தவிர்த்து, மே மாதத்தைக் காதுகுத்துக்கும் ஊருக்கும் கொடுத்துவிட்டு, மலைப் பயணத்தை வேறு விடுமுறைக்குத் தள்ளிவைப்பது குழந்தைகளுக்கும் நல்லது, மலைக்கும் நல்லது.

பள்ளி திறந்தபின்னும் கோடைக்குக் கடைசியாக ஒரு பயணம் மிச்சமிருக்கிறது. வைகாசிக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் இறங்க, அதன் சாரல் மலையைத் தாண்டிக் குற்றாலத்தில் விழுகிறது. ஆனி, ஆடி மாதங்களில் ஒரு சனி, ஞாயிறு போதும். அங்கே அருவியில் விழும் நீரின் அளவைத் தீர்மானிப்பது கண்ணுக்குத் தெரியாத மலை உச்சியில் பெய்யும் மழை. கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைக் கொண்டுபோயிற்று. எச்சரிக்கை ஒலித்தாலும், தடை என்று பலகை வைத்திருந்தாலும், தண்ணீர் கலங்கி நிறம் மாறினாலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உடனே அருவியை விட்டு விலகிவிடுங்கள்.

(தொடரும்)