ரொட்டி லேசான உணவா?

காய்ச்சல் கண்டவருக்கு ரொட்டியும் பாலும் கொடுப்பது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். மென்மையாக இருப்பதால் விழுங்குவதும் எளிது. ஆயினும் நீரிழிவு உள்ளவரின் குடும்பத்தார், "சோறே கொடுக்கவில்லை டாக்டர், வெறும் ரொட்டிதான்" என்று கூறும் வேளையில், பரிசோதனைச் சீட்டில் சர்க்கரை அளவு உயர்ந்தே இருப்பதைப் பல முறை காண்கிறோம். ரொட்டி எவ்வாறு உப்புகிறது என்பதை அறிந்தால் இதன் காரணம் விளங்கும்.

ரொட்டியை உப்பச் செய்வது ஈஸ்ட் என்னும் ஒருசெல் பூஞ்சை. அதன் வேலையை நம் மாவட்டத்துப் பனங்காடுகளிலேயே காணலாம். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கும் சாறு பதநீராக இனிக்கிறது. தடவாத கலயத்தில் அதுவே நுரைத்துக் கள்ளாகிறது. இயற்கையாகச் சாற்றில் சேரும் ஈஸ்ட், அதிலுள்ள சர்க்கரையை உண்டு ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. இதுவே நொதித்தல். சுண்ணாம்பின் காரத்தன்மை இதைத் தடுக்கிறது. கோவாவில் போர்த்துக்கீசியர் வழிவந்த ரொட்டிக்கு மாவைப் புளிக்கவைக்கக் கள்ளே பயன்பட்டது.

பேக்கரியிலும் நிகழ்வது இதுதான். மைதாவை நீர் விட்டுப் பிசையும்போது அதன் புரதம் குளூட்டன் என்னும் இழுபடும் வலையாகிறது. ஈஸ்ட் வெளியிடும் வாயு அவ்வலையில் சிக்கி, மாவு உப்புகிறது. அடுப்பின் வெப்பத்தில் ஈஸ்ட் இறந்துவிடும். ஆல்கஹாலும் பெரும்பாலும் ஆவியாகிவிடும். ஆகவே, நன்கு வெந்த ரொட்டியால் பூஞ்சைத் தொற்று வருமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

இங்குக் கருத வேண்டியது ஒன்று உண்டு. ஈஸ்ட் உண்பது மாவில் மிகச் சிறு பகுதியையே. எஞ்சிய மாவுச்சத்து அப்படியே இருக்கிறது. ரொட்டி லேசாகத் தோன்றுவது அதன் துளைகளில் நிறைந்த காற்றால்தான். நம் ஊர் மக்ரூனை நினைத்துப் பாருங்கள். ஈஸ்ட் இன்றி, முட்டை வெள்ளைக்கருவின் நுரையால் உப்பும் அது கையில் கனப்பதில்லை; ஆனால் அதில் சர்க்கரை மிகுதி.

ஒரு துண்டு வெள்ளை ரொட்டியில் ஏறக்குறைய 12 முதல் 15 கிராம் மாவுச்சத்து உண்டு. இரண்டு துண்டுகள் உண்பது, மாவுச்சத்துக் கணக்கில், நடுத்தர அளவுள்ள இரண்டு இட்லிகள் உண்பதற்கு ஒப்பாகும். மைதா விரைவில் செரிப்பதால் சர்க்கரையும் விரைவில் ஏறும்.

எனவே நீரிழிவு உள்ளவர்கள் ரொட்டியையும் உணவுக் கணக்கில் சேர்க்க வேண்டும். இனிப்பு ரொட்டியையும் பன்னையும் தவிர்ப்பது நல்லது. பழுப்பு நிறத்தை மட்டும் கண்டு கோதுமை ரொட்டி என்று எண்ண வேண்டா. உறையில் உட்பொருள்களுள் முதலாவதாக முழுக் கோதுமை மாவு குறிக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். ரொட்டியில் உப்பும் உண்டு. இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் உள்ளவர்கள் அதையும் கருத்தில் கொள்க.

காய்ச்சலின்போது உணவு குறைந்தால், இன்சுலினையோ மாத்திரையையோ தாமாக நிறுத்தாமல், சர்க்கரையை அளந்து பார்த்து மருத்துவரைக் கேளுங்கள். எத்தனை துண்டு, எந்த வேளை என்பதை உணவியல் நிபுணரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டால், ரொட்டியை முற்றிலும் ஒதுக்க வேண்டிய தேவை பெரும்பாலோருக்கு இராது.